இருவர் ஏறிய வண்டி: ஆல்ப்ஸ் மலைச்சாலைகளில் தோன்றும் கோளாறுகளும் அவற்றை நீக்கும் வழிமுறையும்

மியூனிக் நகரில் ஒரு பெரிய சுற்றுலா மோட்டார் சைக்கிளை வாடகைக்கு எடுத்து, ஆஸ்திரியாவின் குரோஸ்குளோக்னர் மலைச்சாலை வழியாகத் தெற்கே இறங்கி, இத்தாலியின் டோலமைட் மலைகளையும் ஸ்டெல்வியோ கணவாயையும் கடந்து, சுவிட்சர்லாந்தின் ஃபுர்கா, கிரிம்சல் கணவாய்களைத் தொட்டு, ஜெர்மனியின் கருங்காடு வழியாகத் திரும்பும் 12 நாள் சுற்று ஒன்றை நானும் என் கணவரும் ஒரு ஜூலை மாதத்தில் மேற்கொண்டோம். அவர் ஓட்டினார், நான் பின்னிருக்கையில் இருந்தேன்.

இந்தக் குறிப்பைப் பின்னிருக்கையில் இருந்தவள் எழுதுவதற்குக் காரணம் உண்டு. ஓட்டுபவரின் கண்ணும் கையும் சாலையில் கட்டுண்டிருக்கின்றன. வண்டியின் பின்பகுதி தாழ்வதையும், பிரேக்கிலிருந்து கருகும் மணம் வருவதையும், ஓட்டுபவரின் தோள்கள் விறைப்பதையும் முதலில் உணர்பவர் பின்னால் இருப்பவர்தான். உணர்ந்ததை அடுத்த நிறுத்தம் வரை அடக்கி வைக்காமல் உடனே சொன்னால் பெரும்பாலான கோளாறுகள் சிறிதாக இருக்கும்போதே தீர்ந்துவிடும். கீழே ஒவ்வோர் அறிகுறிக்கும் எளிதில் சோதிக்கக் கூடியதை முதலிலும், கருவியோ பணிமனையோ தேவைப்படுவதைக் கடைசியிலும் வைத்திருக்கிறேன்.

எதிரே வருபவர்கள் விளக்கைச் சிமிட்டிக்கொண்டே இருக்கிறார்கள்

முதலில் சாலையின் எந்தப் பக்கம் ஓட்டுகிறீர்கள் என்று பாருங்கள். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவர்கள் நெரிசலான சாலையில் இதில் தவறுவதில்லை; முன்னால் போகும் வண்டிகளே வழிகாட்டிவிடும். காலையில் விடுதியின் சரளைக்கல் முற்றத்திலிருந்து ஆளற்ற கிராமச் சாலையில் திரும்பும்போதும், பெட்ரோல் நிலையத்திலிருந்து வெளியேறும்போதும், காட்சிமுனையில் படம் எடுத்துவிட்டுக் கிளம்பும்போதும்தான் கை பழைய பழக்கத்துக்குப் போகிறது. ஆகவே ஒவ்வொரு முறை கிளம்பும்போதும் பின்னிருப்பவர் ஓட்டுபவரின் வலது தோளைத் தொட்டு "வலது" என்று சொல்வதை எங்கள் வழக்கமாக்கினோம். 12 நாட்களில் இரண்டு முறை அந்தச் சொல் எங்களைக் காப்பாற்றியது.

சரியான பக்கத்தில்தான் இருக்கிறீர்கள் என்றால், உயர் ஒளி எரிகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் வண்டியின் பின்பகுதி தாழ்ந்திருக்கிறது. இருவரின் எடையும் பெட்டிகளின் எடையும் பின் ஸ்பிரிங்கை அழுத்தும்போது முன்பக்கம் மேலே தூக்கி, தாழ் ஒளியே எதிரில் வருபவரின் கண்ணில் அடிக்கிறது. இதே காரணத்தால் வேறு இரண்டு அறிகுறிகளும் சேர்ந்து தோன்றும்: வளைவில் வண்டி நினைத்த கோட்டைவிட அகலமாக விலகி ஓடும், மேடுபள்ளத்தில் பின்னிருப்பவரின் முதுகுத்தண்டில் இடி இறங்கும்.

இதற்கான தீர்வு பின் ஷாக் அப்சார்பரின் பிரீலோடை, அதாவது ஸ்பிரிங்குக்கு முன்கூட்டியே கொடுக்கும் இறுக்கத்தை, கூட்டுவது. பல சுற்றுலா வண்டிகளில் இதற்காகப் பக்கவாட்டில் கையால் திருகும் குமிழ் ஒன்று இருக்கும். புதிய வண்டிகளில் திரையில் ஒரு ஹெல்மெட், ஒரு ஹெல்மெட்டுடன் பெட்டி, இரண்டு ஹெல்மெட் என்று படங்கள் தோன்றும். உங்களுக்குரியதைத் தேர்ந்தெடுத்தால் போதும். குமிழைத் திருகும்போது பின்னிருப்பவர் இறங்கியிருக்க வேண்டும், பெட்டிகளையும் கழற்றிவிட்டால் கைக்கு எளிது. பிறகு இருவரும் ஏறி அமர்ந்து, பின்சக்கரத்தின் மொத்த அசைவில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு மட்டும் தாழ்கிறதா என்று பார்க்கலாம். எங்களுக்கு வந்த வண்டி தனி ஆளுக்கு அமைக்கப்பட்ட நிலையிலேயே கைக்கு வந்தது. முதல் நாள் மாலை வரை நாங்கள் அதைக் கவனிக்கவில்லை, அன்றிரவு எனக்கு இடுப்புவலி வந்த பிறகுதான் கையேட்டைத் திறந்தோம். வண்டியை எடுக்கும் இடத்திலேயே, இருவரும் அமர்ந்த நிலையில் இதைச் சரிபார்த்துக் கேட்டு வாங்குங்கள்.

நெடுஞ்சாலை வேகத்தில் ஹேண்டில் லேசாக நடுங்குகிறது

நடுக்கம் தோன்றிய கணத்தில் செய்ய வேண்டியதை முதலில் சொல்கிறேன். ஓட்டுபவர் ஹேண்டிலை இறுகப் பற்றக் கூடாது, பிரேக்கை அழுத்தக் கூடாது. ஆக்சிலரேட்டரை மெல்லத் தளர்த்த வேண்டும். பின்னிருப்பவர் உடலை முன்னால் சாய்த்து ஓட்டுபவரின் முதுகோடு ஒட்டிக்கொண்டால் முன்சக்கரத்தில் எடை கூடி நடுக்கம் விரைவில் அடங்கும்.

நிறுத்திய பிறகு மேல்பெட்டியைத் திறந்து பாருங்கள். பின்சக்கர அச்சுக்கும் பின்னால் துருத்திக்கொண்டிருக்கும் இந்தப் பெட்டி ஒரு நெம்புகோல் போல வேலை செய்து முன்சக்கரத்தை இலேசாக்குகிறது. பெரும்பாலான மேல்பெட்டிகளின் உட்புறத்தில் 5 முதல் 10 கிலோவுக்குள் ஒரு வரம்பு அச்சிடப்பட்டிருக்கும். பயணத்தின் இரண்டாம் வாரத்தில் வாங்கிய பாலாடைக்கட்டி, தேன் புட்டி, பழச்சாறு எல்லாம் வழக்கமாக அங்கேதான் போய்ச் சேரும். கனமானவற்றைப் பக்கப் பெட்டிகளின் அடியிலும் வண்டியின் நடுப்பகுதியை ஒட்டியும் வையுங்கள். இடம், வலம் இரண்டின் எடையும் ஏறத்தாழச் சமமாக இருக்கட்டும். மேல்பெட்டியில் மழைச்சட்டைகளும் கையுறைகளும் மட்டும் இருக்கட்டும்.

அடுத்தது டயரின் காற்று. பல பெரிய சுற்றுலா வண்டிகளுக்கு இருவர் சுமைக்கு முன்னால் 2.5 பார், பின்னால் 2.9 பார் என்ற அளவை ஒட்டிக் குறிப்பிட்டிருப்பார்கள். உங்கள் வண்டிக்குரிய சரியான எண் கையேட்டிலோ வண்டியில் ஒட்டிய தாளிலோ இருக்கும். ஐரோப்பியப் பெட்ரோல் நிலையங்களின் மானி பாரில்தான் காட்டும், பி.எஸ்.ஐ.க்குப் பழகியவர்கள் 1 பார் ஏறத்தாழ 14.5 பி.எஸ்.ஐ. என்று நினைவில் வைத்துக்கொள்ளலாம், ஆகவே 2.5 என்பது 36, 2.9 என்பது 42. காற்றைக் காலையில், டயர் குளிர்ந்திருக்கும்போது, பள்ளத்தாக்கிலேயே சோதியுங்கள். கணவாயின் உச்சியில் வெளிக்காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதால் மானி வேறு எண்ணைக் காட்டும். அதை நம்பி அங்கே காற்றை இறக்கிவிட்டால் கீழே வந்ததும் டயர் தளர்ந்திருக்கும்.

வலப்பக்கக் கொண்டை ஊசி வளைவில் எஞ்சின் நின்று, வண்டி சாயப் பார்க்கிறது

ஸ்டெல்வியோ கணவாய் 2757 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. 1820க்கும் 1825க்கும் இடையில், லொம்பார்டியும் ஆஸ்திரிய ஆட்சியில் இருந்த காலத்தில், கார்லோ டொனெகானி என்ற பொறியாளர் இந்தச் சாலையை அமைத்தார். பிராட்டோ ஊரிலிருந்து ஏறும் பக்கத்தில் மட்டும் 48 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு, ஒவ்வொன்றுக்கும் எண் பலகை நட்டிருக்கிறார்கள். குதிரைவண்டிகளை மனத்தில் வைத்து வகுத்த வளைவுகள் அவை. வலப்பக்கம் ஓட்டும் நாட்டில் இடது வளைவு வெளிவட்டத்தில் போவதால் அகலமாகக் கிடைக்கும். வலது வளைவோ உள்வட்டத்தில், குறுகலாகவும் செங்குத்தாகவும் எதிரே நிற்கும். இடப்பக்கம் ஓட்டிப் பழகியவருக்கு இது தலைகீழாகிவிடுவதால், கடினமான வளைவு எது என்ற உள்ளுணர்வே முதல் நாள் தவறாகச் சொல்கிறது.

எஞ்சின் நிற்பதற்குப் பொதுவான காரணம் இரண்டாம் கியர். தனியாக ஓட்டும்போது இரண்டாம் கியரில் ஏறிவிடும் வளைவு, இருவர் எடையோடு ஏறாது. வளைவுக்கு முன்பே, வண்டி நேராக இருக்கும்போது, முதல் கியருக்கு மாற்றிவிடுங்கள். வளைவுக்குள் கிளட்ச் பிடிக்கத் தொடங்கும் புள்ளியில் கையை வைத்து, ஆக்சிலரேட்டரைச் சீராகப் பிடித்து, வேகத்தைப் பின் பிரேக்கால் மட்டும் அடக்குங்கள். ஹேண்டில் திரும்பிய நிலையில் முன் பிரேக்கைத் தொட்டால், மெதுவான வேகத்தில் வண்டி உடனே உள்பக்கம் விழும்.

அடுத்த காரணம் பார்வை. கண் சக்கரத்துக்கு முன்னால் இருக்கும் தாரையோ தடுப்புச் சுவரையோ பார்த்தால் வண்டியும் அங்கேதான் போகும். வளைவை அடைவதற்கு முன்பே தலையைத் திருப்பி மேல்சாலையைப் பார்த்து, இறங்கி வருபவர் யாரும் இல்லை என்று தெரிந்துகொண்டு, பிறகு வளைவின் வெளியேறும் பக்கத்திலேயே பார்வையை வையுங்கள். பேருந்து இறங்குகிறது என்றால் வளைவுக்குக் கீழேயே நேரான இடத்தில் நின்று வழிவிடுவதே சரி. இங்கே பின்னிருப்பவருக்கும் வேலை உண்டு: வலது வளைவில் ஓட்டுபவரின் வலது தோளுக்கு மேலாகவும், இடது வளைவில் இடது தோளுக்கு மேலாகவும் பாருங்கள். அப்படிப் பார்த்தாலே உடல் தேவையான அளவு சாய்ந்துவிடும். அதற்கு மேல் தானாகச் சாயவும் வேண்டாம், பயந்து எதிர்ப்பக்கம் நிமிரவும் வேண்டாம். குரோஸ்குளோக்னர் சாலையில் 36 வளைவுகளையும் நான் நிமிர்ந்தபடியே கடந்தேன். என் கணவர் அன்று மாலை மணிக்கட்டு வலிக்கிறது என்று சொன்னபோதுதான், ஒவ்வொரு வளைவிலும் அவர் என் உடலோடும் போராடியிருக்கிறார் என்று புரிந்தது.

வளைவுகளுக்கு நடுவே கருகிய மணம் வந்தால் கிளட்ச் சூடாகியிருக்கிறது. எஞ்சின் ஆயிலில் மூழ்கிய கிளட்ச் இதை ஓரளவு தாங்கும், பழைய பி.எம்.டபிள்யூ. பாக்ஸர் வண்டிகளில் இருக்கும் உலர் கிளட்ச் தாங்காது. அகலமான இடத்தில் நிறுத்தி 15, 20 நிமிடம் ஆறவிடுங்கள்.

வண்டி விழுந்தேவிட்டால், முதலில் கில் சுவிட்சால், அதாவது ஹேண்டிலில் உள்ள எஞ்சினை உடனே நிறுத்தும் பொத்தானால், எஞ்சினை அணைத்துவிட்டு, பின்னிருப்பவர் மேல்பக்கமாக நடந்து போய் வரும் வண்டிகளுக்குக் கை காட்ட வேண்டும். தூக்குவதற்கு முன் பக்கப் பெட்டிகளைக் கழற்றுங்கள். வலப்பக்கம் விழுந்திருந்தால் சைடு ஸ்டாண்டை முன்பே இறக்கி வைத்து, கியரில் போட்டு, இருக்கைக்கு முதுகைக் காட்டிக் குந்தி, ஒரு கை ஹேண்டிலிலும் மறு கை பின்கைப்பிடியிலும் வைத்து, முதுகால் இழுக்காமல் கால்களின் வலிமையால் பின்னோக்கிச் சிறு அடிகளாக நடந்து நிமிர்த்துங்கள்.

இறக்கத்தில் பிரேக் லீவர் தளர்ந்து, வழக்கத்தைவிட உள்ளே போகிறது

இதை அலட்சியம் செய்யவே கூடாது. வண்டி 260 கிலோ, இருவர் 150 கிலோ, சுமை 40 கிலோ என்று வைத்தால் மொத்தம் 450 கிலோ. ஸ்டெல்வியோ உச்சியிலிருந்து பிராட்டோவுக்கு ஏறத்தாழ 1850 மீட்டர் இறங்குகிறோம். இந்த எடை அந்த உயரத்தை இறங்கும்போது வெளியாகும் ஆற்றல், 24 லிட்டர் குளிர்ந்த நீரைக் கொதிக்க வைக்கப் போதுமானது. எஞ்சினும் காற்றும் வாங்கிக்கொள்ளாத பங்கு முழுவதும் சில பிரேக் தகடுகளில் வெப்பமாக இறங்குகிறது. பிரேக் ஆயில் காற்றிலிருந்து ஈரத்தை உறிஞ்சும் தன்மை கொண்டது. டாட் 4 வகை ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காமல் இருக்க வேண்டும் என்பது தரம். ஈரம் ஏறிய பிறகு அது 155 டிகிரியாக இறங்கிவிடுகிறது. ஆயில் கொதித்தால் குழாயில் ஆவிக் குமிழ்கள் உண்டாகின்றன. நீங்கள் அழுத்தும் விசை குமிழை நசுக்குவதிலேயே செலவாகிவிடுகிறது.

லீவர் தளர்வதை உணர்ந்தவுடன் கியரைக் குறைத்து எஞ்சினின் பிடியால் வேகத்தை அடக்கி, பாதுகாப்பான முதல் ஒதுக்கிடத்தில் நிறுத்துங்கள். தகட்டைத் தொடாதீர்கள்; அதன்மேல் நீர் ஊற்றாதீர்கள், திடீர்க் குளிர்ச்சியில் தகடு வளைந்துவிடும். அரை மணி நேரம் காத்திருந்து லீவரை அழுத்திப் பாருங்கள். பழைய இறுக்கம் திரும்பிவிட்டால், இறக்கம் முழுவதும் இரண்டாம் அல்லது முதல் கியரில், கிளட்சை அழுத்தி வண்டியை உருளவிடாமல், தொடர்ச்சியான மெல்லிய அழுத்தத்துக்குப் பதிலாக வளைவுக்கு முன் குறுகிய, உறுதியான அழுத்தங்களாகக் கொடுத்து இறங்குங்கள். எந்தக் கியரில் ஏறியிருப்பீர்களோ அதே கியரில் இறங்க வேண்டும் என்ற பழைய பாடம் இருவர் சுமைக்கு இன்னும் கண்டிப்பாகப் பொருந்தும். ஆறிய பிறகும் லீவர் பஞ்சு போலவே இருந்தால் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு உதவிக்கு அழையுங்கள்.

சமவெளியிலும் பின் தகடு மட்டும் சூடாகிறது என்றால், ஓட்டுபவரின் பூட்ஸ் பிரேக் மிதியின்மேல் ஓய்வெடுக்கிறதா என்று பாருங்கள். பின்னால் உள்ள பிரேக் விளக்கு அணையாமல் எரிவதை வைத்து இதைக் கண்டுபிடிக்கலாம்.

காலையில் வண்டி கிளம்ப மறுக்கிறது

கில் சுவிட்ச் எஞ்சின் ஓடும் நிலையில் இருக்கிறதா, கியர் நியூட்ரலில் இருக்கிறதா, சைடு ஸ்டாண்ட் மேலே ஏறியிருக்கிறதா என்று இந்த வரிசையில் பாருங்கள். கியர் போட்டவுடன் மட்டும் எஞ்சின் அணைகிறது என்றால் குற்றவாளி சைடு ஸ்டாண்ட் சுவிட்ச்தான். சேறும் சிறு கல்லும் அடைந்திருந்தால் துடைத்தால் சரியாகும். சாவியைச் சட்டைப்பையில் வைத்தே இயக்கும் வகை வண்டி என்றால், சாவி யாருடைய சட்டைப்பையில் இருக்கிறது என்று கேளுங்கள். என் மழைச்சட்டையில் சாவி இருக்க, நான் ரொட்டிக் கடையில் வரிசையில் நின்றேன். வெளியே என் கணவர் கால் மணி நேரம் பேட்டரியைச் சந்தேகித்துக்கொண்டிருந்தார். சாவி எப்போதும் ஓட்டுபவரிடமே இருக்கட்டும்.

ஸ்டார்ட்டர் "டக் டக்" என்று மட்டும் ஒலித்தால் பேட்டரி தளர்ந்திருக்கிறது. இருவர் பயணத்தில் சூடாகும் கைப்பிடி, சூடாகும் மேலாடை, இரண்டு கைப்பேசிகள், வழிகாட்டி என்று எல்லாமே ஒரே பேட்டரியில் தொங்குகின்றன. ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி 12.6 வோல்ட்டை ஒட்டிக் காட்டும், 12.2க்குக் கீழே இருந்தால் அது பசியோடு இருக்கிறது. முனைகள் தளர்ந்திருக்கின்றனவா என்று திருகிப் பாருங்கள், பாதிக் கோளாறு அங்கேயே தீரும். கார் பேட்டரியிலிருந்து கம்பி இணைத்துக் கிளப்பும்போது காரின் எஞ்சின் அணைந்திருக்கட்டும். முற்றிலும் தீர்ந்த பேட்டரியோடு எரிபொருள் ஊசியும் பம்பும் வேலை செய்யாததால், இக்கால வண்டியைத் தள்ளிக் கிளப்ப முயல்வது வீண் உழைப்பு.

இரண்டு ஹெல்மெட்டுகளும் மோதிக்கொள்கின்றன

கியர் மாற்றும்போது மோதினால் தீர்வு ஓட்டுபவரிடம் இருக்கிறது: கிளட்சை விடுவதற்கு முன் எஞ்சின் வேகத்தைச் சற்றே கூட்டினால் இழுப்பு மறையும். பிரேக் பிடிக்கும்போது மோதினால் தீர்வு பின்னிருப்பவரிடம் இருக்கிறது: ஒரு கையால் பின்கைப்பிடியையும் மறு கையால் ஓட்டுபவரின் இடுப்பையும் பிடித்து, தொடைகளால் இருக்கையை அணைத்து அமருங்கள். இறக்கத்தில் என் எடை முழுவதும் அவர் முதுகில் சரிந்தபோது, அவருடைய கைகள் அதைத் தாங்கின. நான் பெட்ரோல் டேங்கின்மேல் உள்ளங்கையை ஊன்றிப் பழகிய பிறகுதான் அவருடைய மணிக்கட்டு வலி நின்றது.

பின்னிருப்பவருக்குக் கால்கள் மரத்துப் போகின்றன, பேச்சு குறைகிறது

பேச்சு குறைவதை நான் கோளாறுகளின் பட்டியலில் வேண்டுமென்றே சேர்க்கிறேன். குளிர் உடலுக்குள் இறங்கும்போது முதலில் போவது பேசும் விருப்பம். காற்றின் வெப்பம் ஒவ்வொரு 1000 மீட்டர் ஏற்றத்துக்கும் ஏறத்தாழ 6.5 டிகிரி குறைகிறது. போல்சானோ ஊரில் 33 டிகிரியில் வியர்த்துக் கிளம்பி ஸ்டெல்வியோ உச்சியை அடையும்போது காற்று ஏறத்தாழ 17 டிகிரியில் இருக்கும், ஓடும் வேகத்தின் காற்றும் ஈரமான உள்ளாடையும் சேர்ந்தால் அது இன்னும் கீழே உணரப்படும். ஓட்டுபவர் உடலை அசைத்துக்கொண்டே இருக்கிறார், கண்ணாடியும் அவரைக் காக்கிறது. பின்னிருப்பவர் அசைவின்றி அமர்ந்திருக்கிறார், கண்ணாடியைத் தாண்டிச் சுழலும் காற்று அவர் தோளில்தான் விழுகிறது. ஆகவே அடுக்காடையை உச்சியில் போடாமல், ஏற்றம் தொடங்கும் ஊரிலேயே போடுங்கள். பருத்திப் பனியன் வேண்டாம். கம்பளியோ விரைவில் உலரும் துணியோ அணியுங்கள். மரத்த கால்களுக்கு ஒரு மணி நேரத்துக்கு ஒரு முறை இறங்கி நடப்பதைவிட நல்ல மருந்தை நான் காணவில்லை.

கோடைப் பிற்பகலில் ஆல்ப்ஸ் மலைகளில் இடிமழை அடிக்கடி திரளும். கணவாயை நண்பகலுக்கு முன் கடந்துவிடும்படி நாளை வகுத்துக்கொண்டால் குளிரும் மழையும் ஒன்றாகத் தாக்கும் நேரம் குறையும்.

மாலை நான்கு மணிக்கு இருவருக்கும் வாக்குவாதம் வருகிறது

இதை மனத்தின் கோளாறு என்று எடுத்துக்கொள்வதற்கு முன் உடலைச் சோதியுங்கள். கடைசியாக எப்போது நீர் குடித்தீர்கள்? மதிய உணவு உண்டீர்களா? நாட்டுப்புற ஐரோப்பாவில் சமையலறைகள் பல இடங்களில் பிற்பகல் இரண்டு மணிக்கு மூடிவிடும், மாலை வரை திறக்காது. ஜெர்மன் பேசும் ஊர்களில் உணவகக் கதவில் "ரூஎடாக்" என்று எழுதியிருந்தால் அன்று வார ஓய்வுநாள். ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஞாயிறன்று மளிகைக் கடைகள் அடைந்திருக்கும். எனவே சனிக்கிழமையே ரொட்டியும் பழமும் வாங்கிப் பெட்டியில் வைத்துவிடுங்கள்.

அதற்கு அடுத்த காரணம் தூரம். நெடுஞ்சாலையில் ஒரு நாளில் 500 கிலோமீட்டர் போகலாம். மலைச்சாலையில் இருவருக்கு 250 கிலோமீட்டரே நிறைவான நாள் என்பது என் கணிப்பு. வரைபடத்தில் மூன்று கணவாய்கள் அருகருகே இருப்பதைக் கண்டு ஆசைப்பட்டு, ஃபுர்கா, கிரிம்சல், சுஸ்டன் மூன்றையும் ஒரே நாளில் கோத்தோம். மூன்றாவது கணவாயின் அழகு எங்கள் இருவர் நினைவிலும் இல்லை. காதடைப்பான்களும் இங்கே உதவும். மணிக்கணக்கில் ஹெல்மெட்டுக்குள் இரையும் காற்று உண்டாக்கும் களைப்பு எரிச்சலாகத்தான் வெளிப்படுகிறது. வழி தவறியதற்கு யார் பொறுப்பு என்ற பேச்சை ஓடும் வண்டியில் ஹெல்மெட்டில் உள்ள பேச்சுக் கருவி வழியே நடத்தாமல், நிறுத்தி, நீர் குடித்து, பிறகு பேசுங்கள்.

சாலை தன் போக்கில் ஏதோ சொல்கிறது, புரியவில்லை

பள்ளத்தாக்கிலேயே கணவாய்களின் பெயரோடு பலகை நிற்கும்: "கெஷ்லோஸன்", "கியூசோ", "ஃபெர்மே" மூன்றும் மூடப்பட்டது என்றே பொருள்படும். உயர்ந்த கணவாய்கள் குளிர்காலம் முழுவதும் பனியால் மூடியிருக்கும், பல ஜூன் மாதத்தில்தான் முழுமையாகத் திறக்கும். "உம்லைட்டுங்" என்றால் மாற்றுப்பாதை. "ரோல்ஷ்பிளிட்" என்றால் சாலையில் உதிரிச் சரளை கிடக்கிறது. வேகத்தை வளைவுக்கு முன்பே குறைத்து வண்டியை நிமிர்ந்த நிலையில் கடத்துங்கள். சுவிட்சர்லாந்தில் நீலப் பலகையில் மஞ்சள் ஊதுகொம்பு வரைந்திருந்தால் அது அஞ்சல் பேருந்து ஓடும் மலைச்சாலை. வளைவுக்கு அப்பால் மூன்று ஸ்வரங்களில் ஒலிப்பான் கேட்டால் மஞ்சள் பேருந்து வருகிறது என்று பொருள், அதன் ஓட்டுநர் காட்டும் குறிப்பின்படி ஒதுங்க வேண்டும்.

ஆஸ்திரியாவின் டிரோல் மாநிலத்தில் ராய்ட்டே பகுதிச் சாலைகள் சிலவற்றில், நிலை இரைச்சல் (வண்டி நின்றபடி அளக்கும் இரைச்சல்) 95 டெசிபலைத் தாண்டும் மோட்டார் சைக்கிள்களுக்கு 2020 முதல் கோடைக்காலத் தடை உண்டு. வண்டியின் பதிவுச் சான்றில் யு.1 என்ற கட்டத்தில் அந்த எண் இருக்கும்.

பெட்ரோல் நிலையத்தில் தடுமாற்றம்

ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் 2018 முதல் பெட்ரோலுக்கு வட்டம், டீசலுக்குச் சதுரம் என்று குறி ஒட்டியிருக்கிறார்கள். வட்டத்துக்குள் இ5 அல்லது இ10 என்று இருப்பதை, கையேடு அனுமதிப்பதற்கேற்பப் போடுங்கள், இ85 வேண்டாம். பெயரை நம்பாதீர்கள்: இத்தாலியில் "கசோலியோ" என்பது டீசல், பெட்ரோலுக்கு "பென்சினா". தவறிப் போட்டுவிட்டால் எஞ்சினைக் கிளப்பவே வேண்டாம். டேங்கை வடித்தால் போதும், கிளப்பினால் முழு எரிபொருள் அமைப்பும் கழுவப்பட வேண்டியிருக்கும். ஆளில்லாத நிலையங்களில் அட்டை மறுக்கப்பட்டால், இயந்திரம் முன்கூட்டியே ஒரு பெரிய தொகையைப் பிடித்து வைக்க முயல்கிறது என்று பொருள். மனைவியிடம் ஓர் அட்டை, கணவரிடம் வேறு வங்கியின் ஓர் அட்டை என்று பிரித்து வைத்திருப்பது இங்கே கைகொடுக்கும். பாதி டேங்கில் நிரப்பிவிடுவது மலைநாட்டில் நல்ல பழக்கம்.

வீடு திரும்பிய பின் அபராதக் கடிதம் வருகிறது

ஆஸ்திரியாவிலும் சுவிட்சர்லாந்திலும் அதிவேக நெடுஞ்சாலைகளுக்கு மோட்டார் சைக்கிளும் முன்கட்டண ஒட்டுவில்லையோ அதன் மின்வடிவமோ பெற்றிருக்க வேண்டும். சுவிஸ் வில்லை ஓராண்டுக்கு 40 பிராங்க். வாடகை வண்டியில் அது இருக்கிறதா, எதுவரை செல்லும் என்று எடுக்கும்போதே கேளுங்கள். இத்தாலிய நகரங்களின் பழைய மையப்பகுதிகளில் சிவப்பு வட்டப் பலகையோடு போக்குவரத்துக் கட்டுப்பாட்டு வலயங்கள் உண்டு, கேமரா பதிவு செய்துவிடும். விதி ஊருக்கு ஊர் மாறுவதால் விடுதியிடம் முன்பே கேட்பது நல்லது. இந்திய உரிமத்தோடு போகிறவர்கள் சர்வதேச ஓட்டுநர் அனுமதியை ஊரிலேயே பெற்று, அசல் உரிமத்தோடு சேர்த்து எடுத்துச் செல்லுங்கள். பிரான்ஸ் பக்கம் இறங்கினால், தரச்சான்று பெற்ற கையுறை பின்னிருப்பவருக்கும் கட்டாயம்.

டயரில் காற்று இறங்கிவிட்டது; வண்டி நின்றுவிட்டது

டியூப் இல்லாத டயர் என்றால், ஆணியைப் பிடுங்குவதற்கு முன் அதன் கோணத்தைப் பார்த்து வைத்துக்கொண்டு, அதே கோணத்தில் துருவி, பசை தடவிய அடைப்பைச் செருகுங்கள். சிறு காற்றுப் புட்டிகள் இரண்டு மூன்று இருந்தால் அடுத்த ஊர் வரை மெதுவாகப் போகலாம். பக்கச்சுவரில் கிழிந்திருந்தால் அடைக்க முயலாதீர்கள். அடைத்த டயரில் இருவராகப் போவது எனக்குச் சம்மதமில்லை. பின்னிருப்பவர் பேருந்திலோ வாடகைக் காரிலோ வந்து சேரட்டும்.

உயிருக்கு ஆபத்து என்றால் ஐரோப்பா முழுவதும் 112. வண்டிக் கோளாறு மட்டும் என்றால் வாடகை ஒப்பந்தத்தில் உள்ள உதவி எண்ணை அழையுங்கள். ஜெர்மனியில் பெரும்பாலும் வருவது ஏ.டி.ஏ.சி. என்ற வாகன ஓட்டிகள் சங்கத்தின் மஞ்சள் வண்டி. 1903இல் மோட்டார் சைக்கிள் ஓட்டிகளின் சங்கமாகத் தொடங்கிய அமைப்பு அது. அழைக்கும்போது சாலை எண்ணையும், சாலையோரக் கம்பத்தில் உள்ள கிலோமீட்டர் எண்ணையும், வண்டியின் மொத்த எடையையும், இருவர் இருக்கிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். ஏற்றிச் செல்லும் வண்டியில் இரண்டு இருக்கை வேண்டும் என்பதை அவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டும். வரும் வரை ஒளிரும் மேலாடையை அணிந்து, சாலைத் தடுப்புக்கு வெளிப்பக்கம், வண்டி நிற்கும் இடத்திலிருந்து வாகனங்கள் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி, அந்தத் திசையைப் பார்த்தபடி இருவரும் நில்லுங்கள்.